அம்மாடி! – வியப்புச் சொற்கள் பிறந்த கதை

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வகுப்புத் தோழியர் சார்பில் எழுதியது)



ஆங்கிலத் துணைப்பாட வகுப்பில் ஒரு நாள் எங்களுள் ஒருத்தி கதை வாசித்துக்கொண்டிருந்தாள். அக்கதையில் வரும் சிறுமி, பெரியதொரு பிறந்தநாள் கேக்கைக் கண்டதும் ‘காஷ்!’ என்று வியந்து நின்றாள். உடனே சிஸ்டர் வாசிப்பை நிறுத்தச் சொல்லி, “அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன, பிள்ளைகளே?” என்று கேட்டார்.

“பொருள் ஒன்றும் இல்லை சிஸ்டர். சும்மா ஆச்சரியத்துக்குச் சொல்வது” என்றோம்.

சிஸ்டர் புன்னகை செய்தார். “சும்மா பிறந்த சொல் உலகத்தில் இல்லை. நான் விடுதியில் படித்த காலத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் எங்கள் மதருக்குக் கோபம் வந்துவிடும். ஏன் என்று நீங்களே தேடிப் பாருங்கள்” என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

அன்று மாலையே நூலகத்தில் அகராதிகளைப் புரட்டத் தொடங்கினோம். ஒரு சொல்லைத் தேடப் போன நாங்கள் ஒரு கூடைச் சொற்களோடு திரும்பினோம். அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆணையிலிருந்து பிறந்த வியப்பு

ஆங்கில வியப்புச் சொற்களில் பல, முதலில் வியப்புச் சொற்களாகவே இருக்கவில்லை. அவை ஆணைகளாக இருந்தன. ‘நான் சொல்வது உண்மை, இதற்குக் கடவுளே சாட்சி’ என்று சொல்வதுதான் ஆணை. நம் ஊரிலும் ‘சத்தியமாக’, ‘சாமி சத்தியமாக’ என்று கூறுவது உண்டல்லவா? நீதிமன்றத்தில் ஒரு முறை சொல்ல வேண்டிய ஆணையைச் சந்தையிலும் தெருவிலும் நூறு முறை சொன்னால் என்ன ஆகும்? சாட்சி என்னும் பொருள் தேய்ந்து, வெறும் கூச்சல் மட்டும் எஞ்சும். இங்கிலாந்தில் நடந்தது இதுவே.

அந்நாட்டு மக்கள் இடைக்காலத்தில் நம் ஆண்டவருடைய திருக்காயங்களின்மீதும், திரு இரத்தத்தின்மீதும், அவரைச் சிலுவையில் அறைந்த ஆணிகளின்மீதும் ஆணையிட்டு வந்தனர். தவக்காலத்தில் நாம் முழந்தாளிட்டுத் தியானிக்கின்ற அதே திருக்காயங்களை அவர்கள் சூதாட்டப் பலகையின் முன்னும் மதுக்கடையிலும் இழுத்தனர். இப்படி ஆணையிடுவோர் ஆண்டவரின் திருவுடலை மீண்டும் கிழிக்கின்றனர் என்று அக்காலப் போதகர்கள் கண்டித்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய ‘காண்டர்பரி கதைகள்’ நூலிலும் இந்தக் கண்டனம் இடம்பெற்றுள்ளது.

கடவுளின் பெயரை வீணாகச் சொல்லலாகாது என்பது பத்துக் கட்டளைகளில் நாம் இரண்டாவதாகக் கற்கும் கட்டளை. யூத மக்கள் இக்கட்டளைக்கு அஞ்சி, இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரை வாயால் உச்சரிப்பதையே விட்டுவிட்டார்கள். மறைநூலில் அப்பெயர் வரும் இடத்தில் ‘அதோனாய்’, அதாவது ‘ஆண்டவர்’ என்று வாசிப்பது அவர்கள் வழக்கம்.

ஆங்கிலேயருக்கோ வாய்ப் பழக்கத்தையும் விட முடியவில்லை, பாவ பயத்தையும் விட முடியவில்லை. ஆகவே, நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயரைச் சற்றே உருமாற்றிச் சொல்வதே அவ்வழி.

நான்கு வேடங்கள்

இவ்வுருமாற்றம் நான்கு வகையில் நடந்ததாக எங்களுக்குத் தோன்றியது.

முதல் வகை, தலையை வெட்டுதல். ‘காட்ஸ் வூண்ட்ஸ்’ என்றால் ‘கடவுளின் காயங்கள்’. அதில் ‘காட்’ என்பதை விழுங்கிவிட்டு ‘ஜவுண்ட்ஸ்’ என்றார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் நன்கு வழங்கியது.

இரண்டாம் வகை, வாலை மாற்றுதல். ‘காட்’ என்று தொடங்கிய நாக்கு, பாதி வழியில் பயந்து ‘காஷ்’ என்றும் ‘கோலி’ என்றும் திரும்பிவிட்டது. இவ்விரண்டும் 18ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய சொற்கள். இயற்கை ஆராய்ச்சியாளர் கில்பர்ட் வைட், ‘கோலி’ என்பது வண்டியோட்டிகள் வாயில் மிகுதியாக வழங்குவதாக 1775இல் குறித்து வைத்துள்ளார். ‘கிரைஸ்ட்’ என்ற திருப்பெயர் ‘கிரைக்கி’ ஆயிற்று. ‘ஜீசஸ்’ என்பது அமெரிக்காவில் ‘ஜீ’ ஆயிற்று.

மூன்றாம் வகை, பெயருக்குப் பதில் பண்பையோ இடத்தையோ சொல்லுதல். கடவுள் நன்மையே உருவானவர் என்பதால் ‘குட்னெஸ்’. அருள் நிறைந்தவர் என்பதால் ‘குட் கிரேஷியஸ்’. விண்ணில் வீற்றிருப்பவர் என்பதால் ‘குட் ஹெவன்ஸ்’. நம் பாட்டிமார் காலத்துக் கதைப் புத்தகங்களில் வரும் மூதாட்டிகள் எல்லோரும் இச்சொற்களைத்தான் கையில் விசிறியோடு சொல்வார்கள்!

நான்காம் வகை, வேறு ஆளை அழைத்தல். ‘பை ஜோவ்’ என்பதிலுள்ள ஜோவ், ரோமர் வணங்கிய ஜூப்பிட்டர் ஆவார். ‘ஜிமினி’ என்பது ஜெமினி, அதாவது இரட்டையர் எனப்படும் காஸ்டர், பொல்லக்ஸ் ஆகியோரின் பெயர். 1940இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் ‘பினோக்கியோ’ படத்தில் வரும் சுவர்க்கோழிப் பூச்சிக்கும் இப்பெயரே சூட்டப்பட்டது.

நம் அன்னை மரியாளின் திருப்பெயரும் தப்பவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அடிக்கடி வரும் ‘மாரி’ என்ற சொல்லைக் கண்டு, திருமணத்தைக் குறிக்கும் சொல் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது ‘மேரி’ என்பதன் திரிபு என்று அறிந்தபோது எங்களுக்கும் வியப்புச் சொல் தேவைப்பட்டது!

சட்டமும் தண்டமும்

இந்த மாற்றத்திற்குப் பக்தி மட்டும் காரணமன்று, பணப்பையும் காரணம். 1606இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் பிறந்தது. நாடக மேடையில் கடவுள், இயேசு கிறிஸ்து, தூய ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களைக் கேலியாகவோ அவமதிப்பாகவோ சொன்னால், ஒவ்வொரு முறைக்கும் 10 பவுன் தண்டம். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகம் 1622இல் தனி நூலாக அச்சானபோது அதில் ‘ஜவுண்ட்ஸ்’ இருந்தது. மறு ஆண்டு, 1623இல், அவருடைய நாடகங்களின் பெருந்தொகுப்பு வெளிவந்தபோது அச்சொல் அந்நாடகத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

1745இல் வந்த மற்றொரு சட்டம் பொதுமக்களுக்கே தண்டம் விதித்தது. வீணாகச் சாபமோ ஆணையோ இட்டால் கூலியாள், சிப்பாய், மாலுமி ஆகியோருக்கு 1 ஷில்லிங். அவர்களுக்கு மேற்பட்டவர்களுக்கு 2 ஷில்லிங். கனவான்களுக்கு 5 ஷில்லிங். இரண்டாம் முறை இருமடங்கு, மூன்றாம் முறை மும்மடங்கு! இந்தச் சட்டம் 1967 வரை ஏட்டில் இருந்தது என்பதை அறிந்து வியந்தோம். நம் வகுப்பறைக்கு இச்சட்டம் வந்தால் சுற்றுலா நிதி ஒரே வாரத்தில் சேர்ந்துவிடும் என்பது திண்ணம்.

பிற நாடுகளில்

பிரெஞ்சு மொழியில் கடவுளுக்கு ‘தியூ’ என்று பெயர். அதை மறைக்க அம்மக்கள் ஓசையில் ஒத்த ‘ப்ளூ’ என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். ‘கடவுள்மீது ஆணை’ என்று பொருள்பட வேண்டிய ‘பார் தியூ’, ‘பார்ப்ளூ’ ஆயிற்று. ‘ப்ளூ’ என்பதற்கு நீல நிறம் என்பது பொருள்!

பழைய ரோமாபுரியில் பெண்களுக்கென்றே தனி வியப்புச் சொல் இருந்தது. ஆண்கள் ஹெர்குலிஸின்மீது ஆணையிட்டார்கள். பெண்கள் அப்பெயரைச் சொல்வதில்லை. அவர்கள் காஸ்டரின் பெயரால் ‘எகாஸ்டர்’ என்றார்கள். இந்தக் காஸ்டர்தான் நாம் மேலே கண்ட இரட்டையருள் ஒருவர். ரோமாபுரிப் பெண்கள் அழைத்த அதே ஆளை ஆங்கிலச் சிறுவர்கள் ‘ஜிமினி’ என்று அழைத்திருக்கிறார்கள். கிரேக்க ஞானி சாக்ரடீஸோ, ‘நாயின்மீது ஆணை’ என்று சொல்வார் என அவர் மாணவர் பிளேட்டோவின் நூல்கள் காட்டுகின்றன.

நம் தமிழில்

இப்படி மறைத்துச் சொல்லும் வழக்கம் தமிழுக்குப் புதிதா? இல்லை. இலக்கண வகுப்பில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்று தகுதி வழக்குகளைப் படித்திருக்கிறோம். சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்தல் இடக்கரடக்கல். ‘இறந்தார்’ என்னாமல் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பது மங்கலம். இரவில் பாம்பைப் ‘பூச்சி’ என்று சொல்லும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு.

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி கதையைக் கேளுங்கள். திடுக்கிட்டால் ‘சேசு மரி சூசை’ என்று மூன்று திருப்பெயர்களையும் சேர்த்துச் சொல்வது நம் முன்னோர் வழக்கம். ஆனால் அந்தப் பாட்டியின் கணவர் பெயரும் சூசை. கணவர் பெயரைச் சொல்லாத காலத்தைச் சேர்ந்தவர் பாட்டி. எனவே, பானை உடைந்தாலும் இடி இடித்தாலும், “சேசு மரி... உங்க தாத்தா!” என்றுதான் கூவுவாராம். இங்கிலாந்தில் சட்டம் போட்டு நடந்ததை எங்கள் பாட்டி பாசத்தால் நடத்திக் காட்டிவிட்டார்!

எனினும் பெரும்பாலான தமிழ் வியப்புச் சொற்களில் மறைவு ஒன்றுமில்லை. பிரித்துப் பாருங்கள். அம்மாடி என்பது அம்மா + அடி. ஆத்தாடி என்பது ஆத்தா + அடி. அடேயப்பா என்பது அடே + அப்பா. இவை ஆணைகள் அல்ல, விளிகள். வியப்பு வந்தால் தமிழர் யாரையும் சாட்சிக்கு இழுப்பதில்லை, தாயையும் தந்தையையும் கூப்பிடுகிறார்கள். ‘வந்து பாரேன்!’ என்று சொல்வது போன்றது அது. இத்தாலியரும் ‘மம்மா மியா’, அதாவது ‘என் அம்மா’ என்றே வியக்கிறார்கள். அன்னையை அழைப்பதில் நாமும் அவர்களும் ஒரே குடும்பம்.

இவற்றினும் பழைய சொல் ஒன்று உண்டு. அதற்கு ஓரெழுத்துதான். தொல்காப்பியர் தம் உரியியலில் ‘ஐ’ என்னும் சொல்லுக்கு வியப்பு என்று பொருள் கூறுகிறார். மிட்டாயைக் கண்ட குழந்தை “ஐ!” என்று கூவுகிறதே, அக்குழந்தைக்கு இலக்கணம் கற்பித்தவர் யார்? வியப்பை ‘மருட்கை’ என்று அழைக்கும் தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வகுக்கிறார். முன் காணாத புதுமை, மலை போன்ற பெருமை, எறும்பின் கால் போன்ற சிறுமை, விதை மரமாவது போன்ற ஆக்கம் ஆகியவையே அந்நான்கு.

நம் ‘ஐயோ’வுக்கும் பெருமை வந்துள்ளது. 2016இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி அச்சொல்லைத் தன் பக்கங்களில் சேர்த்துக்கொண்டது. நாம் ‘குட்னெஸ்’ என்று சொல்லப் பழகினோம். அவர்கள் ‘ஐயோ’ என்று சொல்லப் பழகட்டும்!

நாங்கள் கற்ற பாடம்

இதுவரை எழுதியது புத்தகங்களில் கண்டது. இனி எழுதுவது எங்கள் விடுதியில் நடந்தது. சம்பந்தப்பட்ட தோழியின் அனுமதியோடுதான் எழுதுகின்றோம்.

இக்கட்டுரைக்குச் சொற்கள் திரட்டிய நாட்களில், யார் எந்தச் சொல்லை அதிகம் சொல்கிறார்கள் என்று கணக்கெடுத்தோம். ‘ஓ மை காட்’ பலருக்குச் சொந்தம். இந்துத் தோழி ஒருத்தி “முருகா!” என்பாள். இஸ்லாமியத் தோழி ஒருத்தி “யா அல்லாஹ்!” என்பாள். ஆனால் முதற்பரிசு எங்கள் விடுதித் தோழி ஒருத்திக்கே. பேனா விழுந்தால் “சேசுவே!”, மணி அடித்தால் “சேசுவே!”, குழம்பில் உப்பு கூடினால் “சேசுவே!”. ஒரே மாலையில் 23 முறை என்று எண்ணி, கைதட்டிச் சிரித்தோம். அவளும் எங்களோடு சிரித்தாள்.

அடுத்த வாரம், மாலைப் படிப்பு நேரத்தில் அவளுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. எழுந்து போனாள். சற்று நேரத்தில் தாழ்வாரத்திலிருந்து “சேசுவே!” என்ற குரல் கேட்டது. எங்களுள் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. “பல்லி விழுந்திருக்கும்” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். “இருபத்து நாலு” என்றாள் இன்னொருத்தி.

அரை மணி நேரம் கழித்துத்தான் அவள் திரும்பி வரவில்லை என்பதைக் கவனித்தோம். தேடிப் போனோம். சிற்றாலயத்தின் கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கட்டட வேலை செய்யும் அவள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். “நான் கூப்பிட்டேனே, யாரும் வரலையே” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இறையருளால் அவள் அப்பா இரண்டு மாதத்தில் எழுந்து நடந்தார். இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அந்த மாலை எங்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை.

சிஸ்டரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னோம். “இனி அவள் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று விதி போட்டுவிடலாமா, சிஸ்டர்?” என்று கேட்டோம்.

சிஸ்டர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “விதி போட்டுத்தான் இங்கிலாந்தில் ‘காஷ்’ வந்தது. பெயர் ஒளிந்துகொண்டது, மனம் மாறவில்லை. இயேசு மலைப்பொழிவில் என்ன சொன்னார்? விண்ணுலகின்மீதும் ஆணையிடாதே, உன் தலையின்மீதும் ஆணையிடாதே என்றார். வேறு சொல்லால் மறைத்தாலும் ஆணை ஆணைதான் என்று அவர் அப்போதே காட்டிவிட்டார். அவள் ஆணையிடவில்லை, அம்மா. அவள் கூப்பிட்டாள். உப்பு கூடியதற்கும் கூப்பிட்டது அவள் பழக்கம். அதைக் குறைத்துக்கொள்வது அவள் கையில் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்?” என்றார்.

நாங்கள் தலைகுனிந்தோம்.

தோழியரே, ‘ஜவுண்ட்ஸ்’ என்ற சொல்லின் கதையும் இதுதான். ஒரு காலத்தில் கேட்டவர்களை நடுங்க வைத்த சொல் அது. சொல்லிச் சொல்லித் தேய்ந்து, இன்று கேலிப் படக் கதைகளில் மட்டும் வாழ்கிறது. சொல்பவர் அளவின்றிச் சொன்னால் சொல் தேய்கிறது. கேட்பவர் காது கொடுக்காவிட்டாலோ, தேயாத சொல்லும் வீணாகிறது. முன்னதை அகராதியிலிருந்து கற்றோம். பின்னதைத் தாழ்வாரத்திலிருந்து கற்றோம்.

ஆகவே, எங்கள் வகுப்பில் இரண்டு தீர்மானங்கள் செய்துள்ளோம். ஒன்று, பேனா விழுந்தால் ‘அடடா’ போதும். பெரிய பெயர்களைப் பெரிய வேளைகளுக்கு வைத்துக்கொள்வோம். மற்றொன்று, ‘அம்மா’ என்றாலும் ‘ஐயோ’ என்றாலும் ‘முருகா’ என்றாலும் ‘சேசுவே’ என்றாலும், குரல் கேட்ட திசையில் ஒருத்தியாவது எழுந்து போய்ப் பார்த்துவிட வேண்டும்.

பத்தில் ஒன்பது முறை அது பல்லியாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.